வீடு எழுதத் தகாததா?

சில மாதங்களுக்கு முன்னர் கடற்கரையூர் ஒன்றில், இஷாத் தொழுகைக்குப் பின் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பொறுப்பு நம்மேல் விழுந்தது. மூன்று கவிஞர்கள் பாடினார்கள். மூவரும் பாலைவனத்தையே பாடினார்கள். நான்காவதாக ஓர் இளைஞர் எழுந்து சிறுகதையொன்று படித்தார். வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள். கத்தம் ஓதி முடிந்து, விருந்தினர் கலைந்த பிற்பகல். சகோதரர்கள் இருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து ராத்தாவின் முன்னே வைக்கிறார்கள். தன் பங்கை அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக அதில் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கிறது. (விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். எவருக்கு விடுதலை என்பதை யாரும் கேட்பதில்லை.) ராத்தா தேநீர்க் கோப்பைகளை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்திடுகிறாள். பிறகு, வாப்பாவின் மூக்குக்கண்ணாடி எவருக்கும் வேண்டாமென்றால் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை.

அவை சிறிது நேரம் வாளாவிருந்தது. பிறகு முன்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, வீட்டுச் சங்கதியை வீதிக்குக் கொண்டுவரலாமா? இது கீபத் அல்லவா? எழுதுவதற்கு உனக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா? பத்ரு இல்லையா, குர்துபா இல்லையா?" என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது. இளைஞர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். தலைமை நாற்காலியில் இருந்த நாம் என்ன செய்தோம்? நேரமாகிவிட்டதென்று கூறி, துஆ ஓதி, கூட்டத்தை முடித்து வைத்தோம். அன்று பேசாதிருந்ததை இன்று எழுதித் தீர்க்க வேண்டியவர்களாகிவிட்டோம்.

பெரியவரின் கேள்வியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கீபத் என்பது விளையாட்டன்று. தன் சகோதரனைப் பற்றி அவன் வெறுக்கும் ஒன்றைப் பேசுவதே கீபத் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். சொன்னது உண்மையாயிருந்தால் அது கீபத், பொய்யாயிருந்தால் அது அவதூறு என்றும் தெளிவாக்கினார்கள். ஆகவே, 'நடந்ததைத்தானே எழுதினேன்' என்று எழுத்தாளர் தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஆனால் கீபத் என்னும் சொல்லை ஓங்கிய பெரியவர், அச்சொல்லைப் பற்றி இமாம்கள் நடத்திய விவாதத்தையும் உடன் கொண்டுவந்திருக்க வேண்டும். கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கிதாபை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் எப்படி?

உம்மு ஸர்உவின் ஹதீஸை எத்தனை பேர் தம் வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறோம்? புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் இடம்பெற்ற அறிவிப்பு அது. பதினொரு பெண்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். தத்தம் கணவரைப் பற்றி ஒன்றையும் மறைப்பதில்லை என்று தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். ஒருத்தி, கரடுமுரடான மலையுச்சியில் கிடக்கும் மெலிந்த ஒட்டகத்தின் இறைச்சிக்குத் தன் கணவனை ஒப்பிடுகிறாள். ஏறிப்போய் எடுக்கவும் எளிதன்று, எடுத்து வருமளவுக்குக் கொழுப்பும் இல்லை. இன்னொருத்தியின் கணவன் உண்டால் அனைத்தையும் வழித்து உண்பான், குடித்தால் மிச்சம் வைக்க மாட்டான், படுத்தால் போர்வைக்குள் சுருண்டுகொள்வான். மனைவியின் துயரம் என்னவென்று கைநீட்டிப் பார்க்கவும் மாட்டான். சிலர் புகழ்கிறார்கள், சிலர் இகழ்கிறார்கள். பதினோராமவளான உம்மு ஸர்உ ஒரு முழுக் குடும்பத்தையே நம் கண்முன் நிறுத்திவிடுகிறாள். கணவன், மாமியார், மாமியாரின் நிறைந்த மூட்டைகள், விசாலமான வீடு, கணவனின் மகன், மகள், பணிப்பெண் ஈறாக ஒருவரையும் விடவில்லை. அந்தக் கணவன் ஒரு நாள் பால் கடையும் வேளையில் வெளியே சென்றவன், வேறொரு பெண்ணைக் கண்டு, இவளைத் தலாக் சொல்லிவிட்டான். பின்னர் இவளை மணந்தவனோ கொடையாளி. ஆயினும் அவன் அள்ளி அள்ளித் தந்ததெல்லாம் சேர்ந்தாலும் அபூ ஸர்உவின் பாத்திரங்களில் மிகச் சிறியதை நிரப்பாது என்று சொல்லி முடிக்கிறாள்.

இதைச் சொன்னவர் அன்னை ஆயிஷா (ரலி). கேட்டவர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்). உலகத்தின் பாரத்தையெல்லாம் தோளில் சுமந்திருந்த அவர்கள், தம் மனைவி சொன்ன இந்த நீண்ட வீட்டுக் கதையை இறுதிவரை கேட்டார்கள். கேட்டபின், அபூ ஸர்உ உம்மு ஸர்உவுக்கு இருந்ததைப் போலத் தாம் அன்னைக்கு இருப்பதாக மொழிந்தார்கள். தாம் தலாக் சொல்ல மாட்டோம் என்று சேர்த்துச் சொன்னதாகவும் வேறு அறிவிப்பில் வருகிறது. 'பத்ரைப் பற்றிச் சொல்லாமல் இதென்ன அடுப்படிப் பேச்சு?' என்று அவர்கள் கேட்கவில்லை.

காழீ இயாழ் அவர்கள் இந்த ஒரு ஹதீஸுக்காகவே தனி நூல் ஒன்று இயற்றினார்கள். இவர்கள் கணவரின் குறையைச் சொன்னார்களே, இது கீபத் ஆகாதா என்னும் கேள்வியை இமாம் மாஸிரீ ஆராய்ந்தார்கள். இமாம் நவவீ தம் முஸ்லிம் விரிவுரையில் அதனை எடுத்துரைத்தார்கள். கேட்பவர்க்கு இன்னாரென்று அறியப்படாத ஒருவரைப் பற்றிய பேச்சு கீபத் ஆகாது, ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் ஆகும் என்பதே அவ்விவாதத்தின் சாரம். எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிதாபில் இருக்கும் இச்சட்டத்தைவிடச் சிறந்த சட்டத்தை எந்தக் கதாசிரியருக்கும் எவரும் வகுத்துத் தரவில்லை.

இன்னொன்றையும் காண்க. நபிகளாரின் துணைவியருள் ஒருவர், அவர்கள் வேறொரு துணைவியின் இல்லத்தில் இருந்தபோது, உணவுத் தட்டொன்றை அனுப்பி வைத்தார். அந்த இல்லத்து அன்னை பணியாளின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. நபிகளார் உடைந்த துண்டுகளைத் தாமே பொறுக்கிச் சேர்த்தார்கள். சிதறிய உணவையும் எடுத்து வைத்தார்கள். அங்கிருந்தோரிடம், அன்னைக்கு ரோஷம் மூண்டுவிட்டது என்று இயல்பாகக் கூறினார்கள். பிறகு, முழுத் தட்டொன்றை உடைபட்டவருக்கு அனுப்பினார்கள். இதை நமக்கு அறிவித்த அனஸ் (ரலி) அவர்கள், தட்டை உடைத்தவரின் பெயரையும் சொல்லவில்லை, அனுப்பியவரின் பெயரையும் சொல்லவில்லை. நிகழ்ச்சி முழுவதும் இருக்கிறது, கையும் தட்டும் துண்டுகளும் இருக்கின்றன, பெயர் மட்டும் இல்லை. வீட்டை எழுத விழைபவர் எவரும் இந்த ஓர் அறிவிப்பின் முன் அமர்ந்து பாடம் கேட்கலாம்.

எல்லையும் உண்டு. கணவன் மனைவியரின் அந்தரங்கத்தை வெளியே பரப்புகிறவன் மறுமையில் மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பான் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. உம்மு ஸர்உ தன் வீட்டுப் பணிப்பெண்ணைப் புகழும்போதும், வீட்டுப் பேச்சை அவள் வெளியே பரப்புவதில்லை என்றுதான் புகழ்கிறாள். வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வாய், வீட்டு ரகசியத்தைக் காப்பவளை மெச்சுகிறது. கதை வேறு, காட்டிக்கொடுத்தல் வேறு என்பதை அந்த அரபுப் பெண் அறிந்திருந்தாள். நம் அவைப் பெரியவர்தாம் அறியவில்லை.

அந்த இளைஞர் என்ன செய்திருந்தார்? ஊரை மாற்றியிருந்தார், தொழிலை மாற்றியிருந்தார், சகோதரர்களின் எண்ணிக்கையையும் மாற்றியிருந்தார். பெயர் ஒன்றுகூடக் கதையில் இல்லை. ஆயினும் கூட்டம் கலைந்தபின், அந்தக் கதை தம் வீட்டைப் பற்றியதுதான் என்று நான்கு பேர் தனித்தனியே நம்மிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். நான்கு வெவ்வேறு குடும்பத்தார்! இதில் கீபத் எங்கே இருக்கிறது? நான்கு வீட்டு முற்றத்தில் ஒரே தாள் வைக்கப்பட்டிருக்கிறது என்றல்லவா பொருள்? பெற்றோர் விட்டுச் சென்றதில், அது குறைவாயினும் மிகுதியாயினும், பெண்களுக்குப் பங்கு உண்டென்று சூரத்துன் நிஸா விதித்திருக்கிறது. மனமொப்பாமல் பெறப்பட்ட பொருள் ஹலால் ஆகாது என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். கைதட்டியவர்கள் கீபத்துக்கு அஞ்சினார்களா, பங்குக்கு அஞ்சினார்களா என்பதை அவர்களே தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

குடும்பத்தின் குறையைப் பேசலாகாது என்றால், சூரத்துல் முஜாதலா என்னும் அத்தியாயமே நம் கையில் இருந்திராதே! கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) தம் கணவர் தம்மைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு விலக்கியதை முறையிட வந்தார்கள். அதே அறையின் ஒரு மூலையில் இருந்த அன்னை ஆயிஷாவுக்கே அவர் பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லை. ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்டான். அந்த வீட்டு வழக்கு கியாமத் நாள்வரை ஓதப்படும் வசனமாயிற்று. அபூஸுஃப்யான் கருமி, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) நேரிலேயே முறையிட்டார்கள். அவர் தடுக்கப்படவில்லை, தீர்ப்புத்தான் வழங்கப்பட்டது. யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு என்ன? சகோதரர்களின் பொறாமை, தந்தையின் கண்ணீர், வெளுத்துப்போன அவர் கண்கள், மகனின் சட்டை. ஒரு குடும்பத்தின் கதை. வரலாறுகளுள் அழகானது என்று அதனைத் திருமறை சிறப்பிக்கிறது.

இவ்வளவும் நம் கையில் இருக்க, நாம் எழுதுவது என்ன? கவியரங்குகளுக்குச் சென்று பாருங்கள். காவிரிக்கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் பிறந்து வளர்ந்தவர், ஒட்டகத்தின் மேல் ஒரு நாளும் ஏறியறியாதவர், மணற்குன்றுகளையும் ஈச்சமர நிழலையும் பாடுகிறார். உமறுப் புலவர் செய்தது இதற்கு நேர்மாறு அல்லவா? அவர் அரபு நாட்டைப் பாடப் புகுந்தபோது, அங்கே மழையைப் பெய்வித்தார், ஆற்றை ஓடவிட்டார், வயலில் நெல்லை விளைவித்தார். தாம் அறிந்த மண்ணைக் கொண்டு தாம் காணாத மண்ணைக் கட்டினார். அறிந்த மண்ணை மூடி வைத்துவிட்டுக் காணாத மண்ணைக் கடன் வாங்குகிறோம் நாம். கண்டி சித்தி லெப்பை அவர்கள் 1885ஆம் ஆண்டில் 'அசன்பேயுடைய கதை'யை எழுதியபோது எகிப்தைக் களமாகக் கொண்டார்கள். தமிழ் நாவலுக்கு ஐந்தாறு வயதுகூட நிரம்பாத காலம் அது. முன்னோடி எங்கு வேண்டுமானாலும் களம் தேடலாம். அவருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நாம் கப்பலைவிட்டு இறங்கவில்லையென்றால் பிழை அவருடையதன்று.

எழுதப்படாமல் கிடப்பதை எண்ணினால் நெஞ்சு பொறுக்கவில்லை. சபர் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பிற தமிழர் அகராதியில் அது வெறும் பயணம். நம் பெண்களின் அகராதியில் அது ஆயுளில் பாதி. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்ற கணவருக்கு நம் பாட்டிமார் அரபுத் தமிழில் கடிதம் எழுதினார்கள். தமிழ் எழுத்தறியாதவர் என்று அரசாங்கக் கணக்கில் ஏறிய பெண், பெண்புத்திமாலையை ஓதிக்கொண்டும், அதே எழுத்தில் தன் பிள்ளைக்குப் பல் முளைத்த செய்தியைக் கடல்கடந்து அனுப்பிக்கொண்டும் இருந்தாள். அக்கடிதங்கள் எங்கே? பெட்டி துப்புரவு செய்யும்போது, அரபெழுத்து இருக்கிறதே, காலில் மிதிபடலாகாதே என்று மரியாதையுடன் கிணற்றிலும் ஆற்றிலும் விட்டுவிட்டோம். 1942இல் ரங்கூன் வீழ்ந்தபோது நடந்தே திரும்பியவர்களின் வீட்டிலும், 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபின் வெறுங்கையுடன் வந்திறங்கியவர்களின் வீட்டிலும் அந்த முதல் இரவில் என்ன பேசிக்கொண்டார்கள்? அங்கேயே ஒரு குடும்பம் வைத்திருந்தவர் இங்கே திரும்பிய பின், இங்குள்ளவள் அவருக்குச் சோறு பரிமாறிய போது என்ன நினைத்தாள்? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்கிறார். மாமியார் வீட்டில் விருந்தாளியாகவே முதுமையடைந்த மனிதரின் உள்ளத்தை எழுதிய கதையை நாம் தேடித் தேடிப் பார்க்கிறோம். பெண்கள் மட்டும் நடப்பதற்கென விடப்பட்ட காயல்பட்டினத்து முடுக்குகளில் மட்டும் நூறு கதைகள் நடமாடும்.

குடும்பத் துயரம் சிறிய பொருள் என்பாரும் உளர். அரபு இலக்கியத்தில் இரங்கற்பாவின் சிகரமாக எண்ணப்படுவது எது? மன்னனுக்குப் பாடியதன்று. கொள்ளைநோயில் ஐந்து ஆண்மக்களை இழந்த அபூ துஐப் அல் ஹுதலீ பாடியது. கன்ஸா (ரலி) அவர்களை அரபுலகம் நினைவில் வைத்திருப்பது தம் சகோதரர் ஸக்ருக்காக அழுத கவிதைகளினால். குர்துபாவைப் பாடச் சொன்ன பெரியவருக்கு ஒரு செய்தி. குர்துபாவில் பிறந்த இப்னு ஹஸ்ம், தாம் பெண்களின் மடியில் வளர்ந்தவர் என்றும், குர்ஆனையும் கவிதையையும் எழுத்துப் பயிற்சியையும் தமக்குக் கற்பித்தவர்கள் வீட்டுப் பெண்களே என்றும் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். குர்துபா என்பது தூண்கள் மட்டுமன்று. டாக்டர் தாஹா ஹுசைனின் கொள்கைகளில் பலவற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் 1929இல் நூலாக வெளிவந்த அவருடைய 'அல் அய்யாம்' என்னும் தன்வரலாற்றில், பெருநாளையொட்டித் தங்கை இறந்த அப்பகுதியைப் படித்துவிட்டு மறுபக்கம் புரட்ட நமக்கு நெடுநேரமாயிற்று. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் ஒரு பிள்ளையின் நோய் எப்படிக் கவனிக்கப்படாமல் போகிறது என்பதை அவர் யாரையும் ஏசாமல் சொல்லிவிடுகிறார்.

அண்டையில் வைக்கம் முஹம்மது பஷீர், 1959இல் வெளிவந்த 'பாத்துமாவின் ஆடு' நூலில், தம் உம்மாவையும் உடன்பிறந்தாரையும் அவரவர் பெயருடனே நடமாட விட்டார். அவர்கள் ஓயாமல் அவரிடம் காசு கேட்பதையும் எழுதினார். படித்த எவரும் அக்குடும்பத்தை இழிவாக எண்ணவில்லை, அதில் ஒருவராகப் பிறக்கவில்லையே என்றுதான் ஏங்கினார்கள். நம் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி'யில், முன்னோர் பெருமையைப் பேசிக்கொண்டே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் ஒரு மனிதரைக் காட்டினார். 1997இல் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தபோது மாலையிட ஓடினோம். கதையில் வரும் நாற்காலி நம் வீட்டுத் திண்ணையிலும் கிடக்கிறதே என்று திரும்பிப் பார்த்தவர் எத்தனை பேர்? சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கலாம். அதில் நமக்கு உடன்பாடில்லாத பக்கங்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் வீட்டுப் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு தமிழில் அச்சேறுவதற்கு ஒரு பெண் எழுதும்வரை காத்திருக்க நேர்ந்ததே, அதற்கு ஆண் எழுத்தாளர்களாகிய நாம்தானே வெட்கப்பட வேண்டும்?

மறுபுறத்தாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டை எழுதுகிறேன் என்று கிளம்பி, பிறர் இரக்கப்பட வேண்டுமென்பதற்காகத் தன் உம்மாவின் முக்காட்டை மட்டுமே எழுதுகிறவர்கள் சிலர் தோன்றியிருக்கிறார்கள். அவர்கள் கதைகளில் வாப்பாக்கள் அனைவரும் கொடியவர்கள், ஹஜ்ரத்துகள் அனைவரும் கபடர்கள். அந்த உம்மா சிரிப்பதில்லை, வாப்பாவைக் கேலி செய்வதில்லை, மருமகளின் சமையலில் உப்புப் பார்ப்பதில்லை. இதுவும் வீட்டை எழுதியதாகாது. பாலைவனக் கவிஞர் போலவே இவரும் தாம் காணாததையே எழுதுகிறார். அது போகட்டும்.

பிறரைக் குறை சொல்லும் நாம் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், 'என் இல்லம்' என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு மாணவன், சவூதியிலிருக்கும் தன் வாப்பா குரலைப் பதிவு செய்து அனுப்பும் கேஸட்டைப் பற்றி எழுதியிருந்தான். வாப்பாவின் குரலைப் பிள்ளைகள் அனைவரும் கூடிக் கேட்பார்களாம். பிள்ளைகள் உறங்கிய பின் உம்மா அதனை மீண்டும் போட்டு, சத்தத்தைக் குறைத்து, பெட்டியில் காதை வைத்துத் தனியே கேட்பாளாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு உறங்குவதுபோல் கிடப்பானாம். அப்பத்தியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தோம். வீட்டு விஷயம் வேண்டாம், இல்லற ஒழுக்கத்தைப் பற்றி எழுதுக என்று ஓரத்தில் குறித்தோம். அடுத்த முறை அவன் ஸ்பெயினின் சிறப்பைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினான். முதல் மதிப்பெண்ணும் கொடுத்தோம். அவன் இன்று நன்றாக வணிகம் செய்கிறான், நம்மைக் கண்டால் எழுந்து ஸலாம் சொல்கிறான். அதன்பின் கணக்கைத் தவிர வேறெதையும் அவன் எழுதவில்லை.

இரண்டாமவரையும் அவ்வாறு இழக்க நமக்கு மனமில்லை. ஆகவே கூட்டத்தில் கதை படித்த இளைஞருக்குக் கடிதம் எழுதி, அந்தக் கதையை அனுப்பி வைக்குமாறு கேட்டோம். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு கதையின் படியொன்று வந்தது. உடன் ஒரு குறிப்பும் இருந்தது. "ஹஜ்ரத், ராத்தாவிடம் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. படிக்கக் கொடுத்தேன். அச்சிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு திருத்தங்கள் மட்டும் போட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

திருத்தங்கள் பென்சிலால் இடப்பட்டிருந்தன. தேநீர்க் கோப்பைகள் என்றிருந்த இடத்தில், அன்று திங்கட்கிழமை, தாம் நோன்பு நோற்றிருந்ததாகவும், கோப்பைகள் சகோதரர்களுக்கு மட்டுமே என்றும் ஓரத்தில் எழுதியிருந்தது. மூக்குக்கண்ணாடியின் பக்கத்தில், அதற்கு ஒரு காது இல்லை, நூல் கட்டியிருந்தது என்று இருந்தது.